பிரவுன்ஷ்வைக் நகரத்து நால்வர்

சங்கீத உலகில் ‘நால்வர்’ என்ற சொல்லைக் கேட்டதும் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவோர் தஞ்சை நால்வரே. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் அச்சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை சமஸ்தானத்தில் விளங்கியவர்கள். நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் சிறுமியர் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் நிறைவு செய்கின்றார்களே, அந்த ஆடல் முறையை ஒழுங்குபடுத்தித் தந்த பெருமை அவர்களுக்கு உரியது. அவர்களுள் இளையவரான வடிவேலு வயலின் வாசிப்பதில் வல்லவர். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றை 1834-இல் பரிசளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

அந்த வயலின் எந்த நாட்டிலிருந்து நம்மிடம் வந்ததோ அந்த ஐரோப்பாக் கண்டத்திலும், ஏறக்குறைய அதே ஆண்டுகளில், வேறொரு நால்வர் இருந்தனர். அவர்களும் உடன்பிறந்தோர், அவர்களும் அரண்மனை ஊழியர். நம் நால்வருக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. காலம் மட்டுமே பொது. ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் என்னும் நகரத்தில் வாழ்ந்த முல்லர் சகோதரர்களைப் பற்றியே இம்மலரில் எழுத முற்படுகிறேன். ஆங்கிலப் புத்தகங்களில் இவ்வூர் ‘பிரன்ஸ்விக்’ எனக் காணப்படும்.

முதலில் அவர்கள் செய்த தொழில் இன்னதென்று சொல்லிவிட வேண்டும். ‘ஸ்டிரிங் குவார்ட்டெட்’ என்பது நான்கு தந்தி வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கும் இசை. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. வியோலா என்பது வயலினைக் காட்டிலும் சற்றுப் பெரியது. ஐந்து ஸ்வரம் கீழே சுருதி சேர்க்கப்படுவது. செல்லோ அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது. ஆசனத்தில் அமர்ந்து முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசிக்கத்தக்க பெரிய வாத்தியம். தோற்கருவி இல்லை, தாளம் போட ஒருவர் இல்லை, கோல் பிடித்து நடத்துவோரும் இல்லை. மனோதர்மத்துக்கும் இடமில்லை, சாகித்தியகர்த்தா எழுதி வைத்ததை எழுதியபடியே வாசிக்க வேண்டும். இது எளிது போலத் தோன்றும். எழுதியபடி வாசிப்பதில் என்ன சாமர்த்தியம் என்று நம்மவர் கேட்பதும் உண்டு. ஆனால் நம் கச்சேரியில் பிரதான வித்துவான் ஒருவர். மற்றையோர் அவரைத் தொடர்ந்து செல்லும் பக்கவாத்தியக்காரர். குவார்ட்டெட்டில் அந்த ஏற்பாடு செல்லாது. ஒரு கணம் முதல் வயலின் தலைமை தாங்கும். மறுகணம் அது ஒதுங்கிக் கொள்ள, வியோலா பேசும். பிறகு செல்லோ மறுமொழி கூறும். நால்வருமே பிரதானம், நால்வருமே பக்கம். யார் எப்போது முன்வர வேண்டும், யார் எவ்வளவு அடங்க வேண்டும் என்பதை வாய் திறவாமல், கண் ஜாடையாலும் மூச்சாலும் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே சமையலறையில் நான்கு மருமகளிர் பாத்திரம் மோதாமல் சமைப்பது போன்ற காரியம் என்று சொன்னால் நம் சகோதரிகளுக்கு விளங்கும்.

இந்த இசை வடிவத்துக்கு உருவும் உயிரும் கொடுத்தவர் ஆஸ்திரியாவின் ஜோசப் ஹைடன். அவர் இயற்றியவை 68. அவரைக் குருவாகப் பாவித்த மொசார்ட் இயற்றியவை 23. பீத்தோவன் இயற்றியவை 16. ஆக மூவரிடமிருந்தும் 107. ஒன்றுக்கு 25 நிமிஷம் என்று குமாஸ்தாக் கணக்குப் போட்டாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இவ்வளவு செல்வம் இருந்தும் பொதுமக்கள் அதைக் கேட்பதற்கு வாய்ப்பு அரிது. இது பிரபுக்களின் வீட்டுக் கூடத்தில் விருந்தினர் சிலருக்காக வாசிக்கப்பட்ட சங்கீதம். வியன்னாவில் ஷுப்பன்ஸிக் என்னும் வித்துவான் 1804-ஆம் ஆண்டு வாக்கில் சந்தாக் கச்சேரிகள் தொடங்கி, குவார்ட்டெட்டைப் பொது மேடைக்குக் கொண்டு வந்தார். பீத்தோவனின் பல கிருதிகள் அரங்கேறியது அவர் கையால்தான். மூனிக் நகரில் மொரால்ட் என்னும் குடும்பத்துச் சகோதரர்களும் குவார்ட்டெட் அமைத்துப் பெயர் பெற்றிருந்தனர். ஆகவே முல்லர் சகோதரர்களே இத்துறையில் முதல்வர் என்று நான் சொல்லவில்லை. ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் சென்று, குவார்ட்டெட் வாசிப்பதையே வாழ்வின் பெரும்பணியாக்கி, கால் நூற்றாண்டு அதே நால்வராக நிலைத்து நின்றவர்கள் அவர்கள். அதுவே அவர்களுடைய தனிச்சிறப்பு.

பிரவுன்ஷ்வைக் அன்று ஒரு சிற்றரசின் தலைநகரம். ஜெர்மனி அப்போது ஒரே தேசமாக இல்லை; நம் நாட்டுச் சமஸ்தானங்களைப் போலப் பல அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. ஒவ்வோர் அரசுக்கும் ஓர் அரண்மனை. ஒவ்வோர் அரண்மனைக்கும் ஓர் இசைக்குழு. பிரவுன்ஷ்வைக் பிரபுவின் இசைக்குழுவில் ஊழியம் செய்தவர் ஏகிதியஸ் கிறிஸ்தோப் முல்லர். ‘முல்லர்’ என்றால் ஜெர்மன் மொழியில் மாவு அரைப்பவர் என்று பொருள். நம்மூரில் எத்தனை சுப்பிரமணியனோ அங்கே அத்தனை முல்லர். இந்த முல்லருக்கு நான்கு புதல்வர்கள். மூத்தவர் கார்ல், 1797-இல் பிறந்தவர். அடுத்தவர் குஸ்தாவ், 1799. மூன்றாமவர் தியோடர், 1802. கடைக்குட்டி கியோர்க், 1808. தந்தை அவர்களை வளர்த்த விதம் கவனிக்கத்தக்கது. பிள்ளைகளைச் சங்கீதத்தில் பழக்கிய தகப்பன்மார் ஐரோப்பாவில் எத்தனையோ பேர் உண்டு. அவர்கள் விரும்பியதெல்லாம் தனி மேதை ஒருவன் தம் வீட்டில் தோன்ற வேண்டும் என்பது. மொசார்ட்டின் தந்தை அவ்வகையினர். முல்லரோ தம் மக்களைக் குவார்ட்டெட் வாசிப்பதற்கென்றே பயிற்றினார். கார்லுக்கு முதல் வயலின், குஸ்தாவுக்கு வியோலா, தியோடருக்குச் செல்லோ, கியோர்க்குக்கு இரண்டாம் வயலின்.

இங்கே ஒரு சிறு கணக்கை நோக்குக. கடைசிப் பிள்ளை பிறந்தபோது மூத்தவருக்குப் பத்து வயது நிரம்பிவிட்டது. கியோர்க் வயலின் பிடிக்கும் பருவம் அடைந்தபோது கார்ல் இளைஞர். எனவே இந்த நால்வர் அணி பூர்த்தியாவதற்கு வீட்டார் பல ஆண்டு காத்திருந்திருக்க வேண்டும். விதை ஊன்றிய பின் மழைக்குக் காத்திருப்பதை ஒத்த பொறுமை அது. பணம் கொடுத்து வெளியிலிருந்து ஓர் இரண்டாம் வயலின்காரரைக் கொண்டு வருவது எளிதாக இருந்திருக்கும்.

வளர்ந்த பின் நால்வரும் தந்தை ஊழியம் செய்த அதே அரண்மனை இசைக்குழுவில் அமர்ந்தனர். கார்ல் அக்குழுவின் தலைமை வயலின் வித்துவான். மாதச் சம்பளம், பிரபுவின் ஆதரவு, சொந்த ஊரில் வாசம். நம்மைப் போல் பிழைப்பைத் தேடி ஆயிரம் மைல் வந்தவர்களுக்கு இவ்வளவும் பெரும் பாக்கியமாகத் தோன்றும். ஆனால் அந்த இசைக்குழுவின் சட்டதிட்டங்கள் மிகக் கடுமையானவை. குழுவைச் சேர்ந்தவர் அரண்மனைச் சங்கீதத்தைத் தவிர வேறு எதிலும் பங்கு கொள்ளலாகாது என்பது விதி.

இதைப் படித்து நம் காலனியில் புன்முறுவல் பூக்காதவர் இரார். அனுமதியின்றி வேறு தொழில், வேறு வருமானம் கூடாது என்னும் வாசகம் நம்மில் பெரும்பாலோர்க்கு மனப்பாடம். மாலை வேளையில் ஒரு கலியாணக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசித்துச் சன்மானம் பெறுவதென்றாலும், எழுதிக் கேட்க வேண்டுமா வேண்டாமா என்று தலைமைக் குமாஸ்தாவிடம் யோசனை கேட்கும் கூட்டம் நாம். ஆயினும் நமக்கு உத்தியோகம் வேறு, கலை வேறு. கணக்கு ஏட்டை மூடிவிட்டு வந்தால் நம் குரல் நம்முடையது. முல்லர் சகோதரர்களுக்கோ உத்தியோகமே கலை. அவர்கள் விரலும் வில்லும் பிரபுவுக்குச் சொந்தம். தகப்பன் எதற்காக அவர்களைப் பழக்கினாரோ, அதை ஊரறியச் செய்ய அவர்களுக்கு உரிமை இல்லை.

அவர்கள் விதியை மீறவில்லை. விதிக்கு மனம் ஒடுங்கவுமில்லை. வெளியார் அறியாதபடி நால்வரும் ஒன்றாக இருந்து சாதகம் செய்து வந்தனர். ஹைடனையும் மொசார்ட்டையும் பீத்தோவனையும் மீண்டும் மீண்டும் வாசித்து, ஜெர்மனியில் அதுவரை எவரும் எட்டாத ஓர் ஒருமைப்பாட்டை அடைந்தனர். கேட்பார் இல்லை, கைதட்டுவார் இல்லை, சன்மானமும் இல்லை. என்றேனும் மேடை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லாத நிலையில் செய்த சாதகம் அது. பின்னாளில் ஐரோப்பா முழுவதும் அவர்களைக் கண்டு வியந்ததற்குக் காரணம் அந்த மறைவான ஆண்டுகளே என்பது என் கருத்து.

1830-ஆம் ஆண்டு பிறந்தது. ஜூலை மாதம் பாரிஸில் புரட்சி வெடித்து மன்னர் முடியிழந்தார். அந்தப் பொறி ஜெர்மனியிலும் பறந்தது. பிரவுன்ஷ்வைக்கை அப்போது ஆண்டவர் இரண்டாம் கார்ல் என்னும் பிரபு. குடிகளின் அன்பைப் பெறாதவர். செப்டம்பர் மாதம் மக்கள் திரண்டெழுந்து அரண்மனையைத் தாக்கித் தீயிட்டனர். பிரபு ஊரை விட்டே ஓடினார். அவருக்குப் பின் அவர் தம்பி வில்ஹெல்ம் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அதே 1830-இல் முல்லர் சகோதரர் நால்வரும் ஒருங்கே ராஜினாமாக் கொடுத்தனர்.

இந்த ஒரு வரியைச் சற்று நிறுத்திப் படிக்க வேண்டுகிறேன். கார்லுக்கு அப்போது முப்பத்து மூன்றாம் வயது. வீட்டில் ஐந்து வயதில் ஒரு மகன், ஒரு வயதில் ஒரு மகன். ஓய்வூதியம் என்ற பேச்சே நிச்சயமில்லாத காலம். நாட்டிலோ குழப்பம். நம் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? ‘ஒருவனாவது உத்தியோகத்தில் இருந்து குடும்பத்தைப் பார்க்கட்டும், மற்ற மூவரும் போய்ப் பார்த்து வரட்டும், சரிப்பட்டால் அவனும் போகட்டும்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். அது நல்ல யோசனையே. நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மூவரால் குவார்ட்டெட் ஆகாது. நால்வரும் போக வேண்டும், அல்லது எவரும் போகலாகாது. இடைவழி அந்தத் தொழிலிலேயே இல்லை. அவர்கள் போவதென்று முடிவு செய்தனர்.

அவர்கள் முதலில் சென்றது ஹாம்பர்க் துறைமுக நகரம். அது எந்தப் பிரபுவுக்கும் உட்படாமல் தன்னைத் தானே ஆண்டுகொண்ட வணிகர் நகரம். அங்கே தொடர் கச்சேரிகள் நடத்தப் போவதாக விளம்பரம் செய்தனர். பிறகு 1832-இல் பெர்லின் சென்றனர். 1833-இல் பாரிஸ் சென்றனர். பாரிஸில் பையோ என்னும் புகழ்பெற்ற வயலின் வித்துவான் 1814 முதலே குவார்ட்டெட் கச்சேரிகள் நடத்தி வந்தார்; அவ்வூர் ரசிகர்கள் இவ்விசையை அறியாதவர் அல்லர். அறிந்தவர் முன் சென்று வாசிப்பதே உண்மையான பரீட்சை அன்றோ? அதற்குப் பின் ஜெர்மனியில் அவர்கள் வாசிக்காத பெரிய நகரம் இல்லை. வடக்கே கோபன்ஹேகன், கிழக்கே ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க், மேற்கே ஹாலந்து தேசம் என யாத்திரை விரிந்தது.

யாத்திரை என்று எழுதும்போது, ரயில்வேயில் பணி புரிபவன் என்ற முறையில் சில சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர்கள் ஹாம்பர்க்குக்கும் பெர்லினுக்கும் பாரிஸுக்கும் சென்றபோது ஜெர்மனியில் ரயிலே கிடையாது. குதிரை வண்டியில் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் போனால் நல்ல வேகம். பிரவுன்ஷ்வைக்கிலிருந்து ஹாம்பர்க் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பாரிஸோ அதைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். மேடு பள்ளமான சாலையில் மென்மரப் பலகையும் பசையும் கொண்டு செய்த நான்கு வாத்தியங்களை உடைப்பில்லாமல் கொண்டு போக வேண்டும். அவற்றுள் ஒன்று செல்லோ, அதாவது ஒரு சிறுவனைப் போல் இடம் பிடிப்பது. அக்காலத்துத் தந்திகள் ஆட்டுக்குடலால் ஆனவை; ஈரக்காற்றில் தளரும், உலர் குளிரில் அறும். ஊர் மாறினால் சுருதியும் மாறும். இவ்வளவையும் தாண்டிப் போய் அன்று மாலையே இம்மி பிசகாமல் வாசிக்க வேண்டும்.

ஜெர்மனியின் முதல் ரயில் 1835 டிசம்பரில் நூரென்பர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபூர்த்துக்கு ஓடியது. மூன்றாண்டு கழித்து, 1838 டிசம்பரில், இவர்களுடைய சொந்த ஊரான பிரவுன்ஷ்வைக்கிலிருந்து வோல்ஃபன்பூட்டல் என்னும் ஊருக்கு ரயில் விடப்பட்டது. ஜெர்மனியில் அரசாங்கமே சொந்தமாக அமைத்த முதல் ரயில் பாதை அதுதான். எங்கள் இலாகாவினர் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி ரயில் ஓடியது 1853-இல். சென்னை ராயபுரத்தில் ஓடியது 1856-இல். முல்லர் நால்வரின் வாழ்க்கை 1855-இல் முடிவுற்றது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால் அவர்கள் எத்தகைய காலத்தில் ஊர் சுற்றினார்கள் என்பது விளங்கும்.

அவர்கள் வாசித்தவை எவை? பெரும்பாலும் ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகிய மூவரின் கிருதிகளே. இதில் பாராட்டவும் உண்டு, குறை சொல்லவும் உண்டு. ஹைடன் 1809-இலும் பீத்தோவன் 1827-இலும் காலமாகிவிட்டனர். இசைப் புத்தகம் அச்சில் இருந்தாலும் வாசிப்போர் இல்லையேல் அது மூடிய பெட்டிதான். பல சிறு நகரத்து மக்கள் அந்த மூவரின் குவார்ட்டெட்டுகளைத் தக்க முறையில் கேட்டது முல்லர் நால்வரின் வாயிலாகவே. மறைந்த ஆசிரியரின் பாடாந்தரத்தைச் சிதைக்காமல் ஊர் ஊராகக் கொண்டு சென்ற சீடர்களைப் போன்றவர்கள் அவர்கள். குறை யாதெனில், அதே காலத்தில் வாழ்ந்த புதியவர்களுக்கு அவர்கள் அவ்வளவாக இடம் தரவில்லை. 1828-இல் இளமையிலேயே மாண்ட ஷூபர்ட் அருமையான குவார்ட்டெட்டுகளை விட்டுச் சென்றிருந்தார், மெண்டல்சன் எழுதிக்கொண்டிருந்தார், ஷூமன் 1842-இல் மூன்று எழுதினார். புகழ் பெற்ற வித்துவான்கள் கைகொடுத்தால் புதிய சாகித்தியங்கள் விரைவில் பரவும். நம் சபாக்களிலும் இதே வழக்குத் தீராமல் இருக்கிறது; ஆகவே அவர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமன்று.

உடன்பிறந்தோர் என்பதால் அவர்கள் வாசிப்பில் என்ன விசேஷம்? சிலர் ரத்த பந்தம் என்று சொல்லி முடித்துவிடுவர். அதில் எனக்குச் சம்மதமில்லை. ரத்த பந்தம் உள்ளவர்கள் பாகப்பிரிவினைக்குக் கச்சேரி வாசலில் நிற்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். இங்கே நான் சொல்லும் கச்சேரி சங்கீதக் கச்சேரி அன்று. விசேஷம் வேறு. நால்வருக்கும் ஒரே குரு, அவர் தகப்பனார். வில்லைப் பிடிக்கும் முறை, தந்தியில் அழுத்தும் அளவு, ஸ்வரத்தை எவ்வளவு ஏற்றிப் பிடிப்பது என்னும் நுட்பம் எல்லாம் ஒரே கையிலிருந்து வந்தவை. வயலினில் வீணையைப் போல் மெட்டுகள் இல்லை. மயிரிழை விரல் நகர்ந்தாலும் சுருதி வேறுபடும். நான்கு தனித்தனி வித்துவான்கள் கூடினால் ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு விதமாகத் தீர்ப்புக் கூறும். அவற்றை ஒன்றாக்கவே ஆண்டுகள் ஆகும். இந்த வீட்டில் அந்த வழக்கு சிறு வயதிலேயே தீர்ந்துவிட்டது. அன்றியும், ஊதியத்துக்காகச் சேர்ந்த நால்வர் வேறிடத்தில் கூடுதலாகக் கிடைத்தால் பிரிந்து போவர். வில்லும் விரலும் ஒன்றுபட்டு வரும் சமயத்தில் ஆள் மாறிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முல்லர் அணியில் இருபத்தைந்து ஆண்டுகளாக ஆள் மாறவில்லை.

அரண்மனையோடு பகையும் நீடிக்கவில்லை. பிரெஞ்சு இசைப் புலவர் பெர்லியோஸ் 1843-இல் ஜெர்மனியில் சுற்றுப் பயணம் செய்தபோது பிரவுன்ஷ்வைக்குக்கும் வந்தார். அப்போது அங்கிருந்த அரண்மனை இசைக்குழுவில் முல்லர் குடும்பத்தார் பலரைக் கண்டார். சகோதரர்களோடு அடுத்த தலைமுறையினரும் அதில் இருந்தனர். ஒரு காலத்தில் இரண்டாம் வயலினுக்கெனக் காத்திருந்து வளர்க்கப்பட்ட கடைக்குட்டி கியோர்க், அந்த இசைக்குழுவையே நடத்தும் பதவிக்கு உயர்ந்திருந்தார். குழுவின் திறமையைப் பெர்லியோஸ் மிக மெச்சி எழுதி வைத்தார். அவர் எளிதில் எவரையும் மெச்சுபவர் அல்லர். வெளியே வாசிப்பது குற்றம் என்றிருந்த அதே அரண்மனைக்கு, வெளியே வாசித்துப் பெற்ற புகழே பின்னர் அணியாயிற்று. நிர்வாகங்களில் இவ்விதம் நடப்பதை நாமும் கண்டதுண்டு. நேற்றுத் தடுத்த காரியத்தை இன்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிடுவார்கள்.

1855 மே மாதம் கியோர்க் மறைந்தார், வயது 46. நால்வரில் இளையவர் முதலில் போனார். செப்டம்பரில் குஸ்தாவ் மறைந்தார், வயது 55. நான்கு மாதத்துக்குள் இரண்டாம் வயலினும் வியோலாவும் ஓய்ந்தன. கார்லும் தியோடரும் எஞ்சினர். இருவரும் தேர்ந்த கலைஞர். ஜெர்மனி முழுதும் அறிந்த பெயர் அவர்களுடையது; இரண்டு நாற்காலிகளை நிரப்ப ஆள் கிடைக்காமல் இல்லை. ஆயினும் அந்தக் குவார்ட்டெட் அத்துடன் நின்றது. முதல் வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவே வெளியாரை அமர்த்தி ‘முல்லர் சகோதரர்’ என்று விளம்பரம் செய்யவில்லை.

ஆனால் கார்லுக்கும் நான்கு புதல்வர்கள் இருந்தனர்! ராஜினாமாக் கொடுத்த ஆண்டில் ஐந்து வயதும் ஒரு வயதுமாக இருந்த அவ்விரு மக்களும், பிறகு பிறந்த இருவரும் இப்போது வளர்ந்து இளைஞராகிவிட்டனர். தந்தையின் பெயரையே கொண்ட கார்ல் முதல் வயலின். ஹூகோ இரண்டாம் வயலின். எல்லோருக்கும் மூத்தவரான பெர்ன்ஹார்டு வியோலா. இளையவர் வில்ஹெல்ம் செல்லோ. சிற்றப்பன்மார் இருவர் மறைந்த அதே 1855-இல் இளைய முல்லர் நால்வரின் குவார்ட்டெட் தொடங்கியது. முன் தலைமுறையில் மூத்தவரே தலைமை வயலின். இத்தலைமுறையில் மூத்தவர் வியோலாவை ஏற்றுத் தம்பிக்குத் தலைமையை விட்டுக்கொடுத்தார். இது பெரிய காரியம் என்பதைக் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர் அறிவர்.

இளையவர்கள் மைனிங்கன் என்னும் சிற்றரசின் அரண்மனைக் குவார்ட்டெட்டாக அமர்ந்தனர். பெரியவர்களுக்குத் தடையாக இருந்த அரண்மனை, இவர்களுக்குக் குவார்ட்டெட் என்ற முறையிலேயே உத்தியோகம் கொடுத்தது. இருபத்தைந்து ஆண்டில் உலகம் அவ்வளவு மாறியிருந்தது. பல நாடுகளில் வாசித்தனர். பிறகு வீஸ்பாடன் நகரிலும், அதற்குப் பின் வட கடற்கரையில் ரோஸ்டாக் நகரிலும் குடியேறினர். ரோஸ்டாக்கில் இளைய கார்ல் நகரத்தின் சங்கீத நிர்வாகியானார். அவர் தம் மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்து முல்லர்-பெர்க்ஹவுஸ் என்று பெயர் வைத்துக்கொண்டவர். பியானோவுக்காக லிஸ்ட் எழுதிய இரண்டாம் ஹங்கேரிய ரஃப்ஸோடியைப் பெரிய இசைக்குழு வாசிப்பதற்கு ஏற்றவாறு அமைத்துக் கொடுத்தார். அந்தப் பியானோ மெட்டை நம் குழந்தைகளும் அறிவர். ‘டாம் அண்ட் ஜெர்ரி’ படமொன்றில் பூனை பியானோ முன் அமர்ந்து வாசிக்குமே, அதுதான்.

இளைய நால்வரைப் பிரித்தது மரணம் அன்று, உத்தியோகம். செல்லோ வாசித்த வில்ஹெல்முக்குப் பெர்லினில் பெரிய பதவி கிடைத்தது. அங்கே புகழ்பெற்ற ஜோவாகிம் நடத்திய குவார்ட்டெட்டில் 1879 வரை செல்லோ வாசித்தார். வெளியாருடன் கூடியும் ஒரு முல்லர் சிறந்து விளங்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் 1870-களின் தொடக்கத்தில் குடும்பக் குவார்ட்டெட் கலைந்தது. ஒரு தம்பிக்குப் பதவி உயர்வும் இடமாற்றமும் வந்ததால் ஒரு வீடு கலைவது நம் காலனியில் புதிய செய்தியா? வழியனுப்ப ரயிலடிக்குப் போய் மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கும்.

மூத்த கார்ல் 1873 ஏப்ரலில் தம் 75-ஆம் வயதில் மறைந்தார். முன்பு அவர் ஊழியம் செய்த பிரபு இரண்டாம் கார்லும், நாடிழந்து பாரிஸிலும் லண்டனிலும் திரிந்து, அதே 1873 ஆகஸ்டில் ஜெனீவாவில் உயிர் நீத்தார். தம் பெருஞ்செல்வத்தைத் தமக்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு அந்நகரத்துக்கு எழுதி வைத்தார். அச்சின்னம் ஏரிக்கரையில் இன்றும் நிற்கிறது. நால்வரில் எஞ்சியிருந்த தியோடர் 1875-இல் மறைந்தார். அவர்களுடைய காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. எடிசனின் பேசும் பொறி வந்தது 1877-இல். ஆகவே அந்த நால்வர் வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

சகோதர சகோதரியர் கூடிக் குவார்ட்டெட் அமைக்கும் வழக்கம் அவர்களோடு நிற்கவில்லை. நம் காலத்தில் புகழ்பெற்றது ஆஸ்திரியாவில் மொசார்ட் பிறந்த ஸால்ஸ்பர்க் நகரத்து ஹாகன் குவார்ட்டெட். தந்தை அவ்வூர் இசைக்குழுவில் தலைமை வியோலா வித்துவான். மக்கள் லூக்காஸ், ஆஞ்செலிகா, வெரோனிகா, கிளெமென்ஸ் ஆகிய நால்வரும் 1981-இல் மேடையேறினர். முல்லர் வீட்டில் மேடை கண்டவர்கள் ஆண்மக்கள் மட்டுமே. இங்கே இரண்டாம் வயலினும் வியோலாவும் சகோதரிகள் கையில். சில ஆண்டில் ஆஞ்செலிகா விலகினார். ஹாகன் வீட்டார் முல்லர் வீட்டார் செய்ததைச் செய்யவில்லை. அணியைக் கலைக்காமல் வெளியார் ஒருவருக்கு நாற்காலி போட்டனர். ஆனெட் பிக் என்னும் பெண்மணி சிறிது காலம் வாசித்தார். 1987-இல் ரைனர் ஷ்மிட் வந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் மூன்று ஹாகன்களும் ஒரு ஷ்மிட்டும் அமர்ந்து, முல்லர் சகோதரர்கள் வாசித்த அதே ஹைடனையும் மொசார்ட்டையும் பீத்தோவனையும் வாசித்து வந்தனர். கண்ணை மூடிக் கேட்டால் அந்நால்வரில் வெளியார் எவர் என்று எனக்குப் புலப்படவில்லை.